ஸ்டெபிலைசர் பார் என்ன செய்கிறது, அதன் புஷ் ஏன் தேய்கிறது?

கோயம்புத்தூரில் காரைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மோட்டார் பம்பும் வார்ப்பட ஆலையும் வளர்த்த ஊர் இது. 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். ஞாயிறு விடிந்ததும் ஆழியாறைத் தாண்டி வால்பாறை மலையேறும் வெர்டஸ், ஸ்லாவியா, வெர்னா டர்போ கார்களை எண்ணினாலே ஊரின் பித்து புரிந்துவிடும்.

இன்ஜின் பேச்சு வந்தால் பெரும்பாலும் சரியாகவே பேசுகிறார்கள். சக்கரங்களைக் காரின் உடலோடு இணைக்கும் அமைப்பான சஸ்பென்ஷன் பக்கம் திரும்பியதும் கதை மாறிவிடுகிறது. "ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாகப் போட்டால் கார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும்" என்பார் ஒருவர். "புஷ்ஷைப் பாலியூரிதேனாக மாற்றினால் வண்டியே வேறு வண்டி" என்பார் அடுத்தவர். மூன்றாமவர், கீழே 'டக்' என்று சத்தம் கேட்ட மாத்திரத்தில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் பணம் வீணாகச் செலவாகிறது. அதனால், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் அதைப் பிடித்திருக்கும் ரப்பர்த் துண்டான புஷ்ஷையும் அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவோம்.

வளைவில் கார் ஏன் சாய்கிறது?

காரைத் திருப்புவது ரோட்டைத் தொடும் நான்கு டயர்கள்தான். டயர் ரோட்டைப் பற்றிக்கொண்டு காரை வளைவின் உள்பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு தரைமட்டத்தில் நடக்கிறது. காரின் எடையோ தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் குவிந்திருக்கிறது; எடை குவிந்திருப்பதாகக் கருதப்படும் அந்த இடத்துக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். கீழ்ப்பகுதி திரும்பிவிட, மேல்பகுதி நேராகவே போகப் பார்ப்பதால் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. இதுதான் பாடி ரோல்.

சாய்வு எவ்வளவு என்பதை வேகம் கடுமையாகத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கும்போது உண்டாகும் பக்கவாட்டு விசை, 35 கிலோமீட்டரில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால் வந்த வினை. வால்பாறைச் சாலையில் 40 வளைவுகள், கொல்லிமலையில் 70, திம்பத்தில் 27. பத்து கிலோமீட்டர் வேகம் கூடுதலாக வைத்து ஏறுகிறவர் ஒவ்வொரு வளைவிலும் இந்த இரட்டிப்பைச் சந்திக்கிறார்.

சாயும்போதே இன்னொன்றும் நடக்கிறது. வளைவின் உள்பக்க டயர்கள் தாங்கிய எடையில் ஒரு பகுதி வெளிப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. இதை எடைப் பெயர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். சாய்வு வேறு, எடைப் பெயர்ச்சி வேறு. கண்ணுக்குத் தெரிவதும் வயிற்றைப் புரட்டுவதும் சாய்வு. காரின் பிடிமானத்தைத் தீர்மானிப்பது எடைப் பெயர்ச்சி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதித் தவறான பேச்சு பிறக்கிறது.

ஜமக்காளத்தைப் பிழிவது போல

பவானி ஜமக்காளம் ஒன்றைக் காளிங்கராயன் வாய்க்காலில் துவைத்துப் பிழிவதை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவரால் ஆகாது, ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே திசையில் முறுக்கினால் துணி முழுவதும் சுழலுமே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எதிரெதிர்த் திசையில் முறுக்கும்போதுதான் துணி இறுகி எதிர்த்து நிற்கிறது. கையை விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது.

ஸ்டெபிலைசர் பார் செய்வது இதே வேலை. அது 'ப' வடிவில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி காரின் குறுக்கே போகிறது. இரண்டு முனைகளும் லிங்க் ராடு எனப்படும் சிறு தண்டுகள் வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கின்றன. பெரிய வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் பாரின் இரு முனைகளும் ஒன்றாக உயர்கின்றன. பார் இருந்த இடத்தில் சுழன்று கொடுக்கிறது, எதிர்ப்பு எதுவும் இல்லை. வளைவில் உடல் சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் உடலுக்கு நெருங்கி வருகிறது, மறுபக்கச் சக்கரம் விலகிப் போகிறது. ஒரு முனை மேலே, மறுமுனை கீழே. இப்போது பார் முறுக்கப்படுகிறது. முறுக்கத்தை எதிர்த்து அது தள்ளுவதால் சாய்வு குறைகிறது.

ஆகவே தடிமனான பார் போட்டால் எல்லா மேடு பள்ளத்திலும் கார் தூக்கிப் போடும் என்பது சரியில்லை. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் மேட்டில் வித்தியாசமே தெரியாது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது நன்றாகவே தெரியும். ஏனென்றால் அப்போது பார் அந்த அடியை அடுத்த பக்கத்துக்கும் கொண்டு போகிறது. உட்கார்ந்திருப்பவரின் தலை இடமும் வலமுமாக ஆடுகிறது.

சுருக்கிச் சொன்னால், இடதும் வலதும் ஒன்றாக அசையும்போது பார் தூங்குகிறது. எதிரெதிராக அசையும்போது விழித்துக்கொள்கிறது. காரின் எடையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

நடுவில் பிடித்திருக்கும் ரப்பர்

பார் காற்றில் மிதக்க முடியாது. அதைக் காரின் அடிச்சட்டத்தோடு, அதாவது சப் ஃபிரேமோடு, இரண்டு இடங்களில் கட்டியிருப்பார்கள். கட்டும் இடத்தில் பாரைச் சுற்றி ஒரு ரப்பர்த் துண்டு, அதன்மேல் ஓர் இரும்புக் கிளாம்ப், இரண்டு போல்ட். அந்த ரப்பர்தான் புஷ். பெரும்பாலான கார்களில் அது ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும். பாரில் மாட்டுவதற்காக ஒரு பக்கம் கீறல் விட்டிருப்பார்கள்.

புஷ்ஷிடம் நாம் கேட்பது இரண்டு முரணான வேலைகள். பாரைச் சுழல விட வேண்டும். மேலும் கீழும் நகர விடக் கூடாது. ரப்பர் இறுகி வெடித்தாலோ, உள்ளே மண் புகுந்து துளை பெரிதானாலோ இரண்டாவது வேலை கெடுகிறது. கார் சாயத் தொடங்கும்போது பார் உடனே முறுக்கப்படாமல், முதலில் துளைக்குள் கிடைக்கும் இடைவெளியைக் கடந்து போய் இடிக்கிறது. அந்த இடிதான் நாம் கேட்கும் 'டக்'. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புவதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், எட்டு வருடம் ஓடிய செடான் ஒன்றின் புஷ்ஷைக் கழற்றிக் காட்டினார்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை கோழிமுட்டை வடிவில் நீண்டிருந்தது. கீறலில் செம்மண் பற்றுப் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பாரின் கருப்பு வண்ணம் போய், உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் வெள்ளி வளையம் மின்னியது. "பாரில் கோளாறு இல்லைங்க தம்பி, இந்த ரப்பர்தான் மண்ணோடு சேர்ந்து அதைத் தின்கிறது" என்றார் மேஸ்திரி. தோட்டத்துச் சாலையில் நாள்தோறும் போய் வரும் வண்டி அது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காரில் இதே புஷ் இன்னும் பல காலம் தாங்கும்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

பார் எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்வதில்லை என்பது புரிந்துவிட்டால், ஸ்பேனரைத் தொடாமலேயே பாதிக் குற்றவாளிகளை விடுவித்துவிடலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு வேகத்தடையைத் தேர்ந்தெடுங்கள். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நடக்கும் வேகத்தில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு அதே தடையில் கோணலாக, ஒரு சக்கரம் முன்னே ஏற மற்றது பின்னே வரும்படி ஏறுங்கள்.

நேராகப் போகும்போது அமைதியாக இருந்து, கோணலாகப் போகும்போது மட்டும் தட்டினால் சந்தேகம் பார், புஷ், லிங்க் ராடு மூன்றின் மேல் விழுகிறது. இரண்டு விதத்திலும் ஒரே மாதிரித் தட்டினால் ஷாக் அப்சார்பர், அதைக் காரின் உடலோடு மேலே கட்டும் மேல்மவுண்ட், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நேராக ஏறும்போது தட்டாமல் 'கீச்' என்று மட்டும் முனகினால், பார் காய்ந்த ரப்பருக்குள் சுழல்கிறது என்று பொருள்.

லிங்க் ராடும் புஷ்ஷும் எழுப்பும் சத்தங்களில் வேறுபாடு உண்டு. லிங்க் ராடின் பந்து மூட்டு தேய்ந்தால் சிறு கரடுமுரடான தரையிலும், வளைவுக்கு முன்னால் போட்டிருக்கும் அதிர்வுப் பட்டைகளிலும் சில்லறை குலுக்குவதுபோல் 'கடகட' என்று வரும். புஷ்ஷின் இடி கனமானது, காலடியில் உணரக்கூடியது. இதைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். காரைத் தூக்கி நிறுத்தி, புஷ்ஷுக்குப் பக்கத்தில் பாரைக் கையால் பிடித்து உலுக்கிப் பாருங்கள். புஷ்ஷுக்குள் பார் அசைந்தால் அதுவே ஆதாரம். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு லிங்க் ராடுகளையும் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, பட்டறை வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் போதும். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு பார் இணைப்பில்தான். அந்த நிலையில் ரோட்டுக்குப் போகக் கூடாது. வளைவில் கார் வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும்.

இத்தனையையும் செய்யாமல் இரண்டு ஷாக் அப்சார்பர்களை மாற்றி, சத்தம் அப்படியே இருப்பதைக் கண்டு, பிறகு புஷ்ஷுக்கு வரும் வழக்கம் நம் ஊரில் நிறையவே இருக்கிறது. எதிர்மாறான வரிசைதான் சிக்கனம். புஷ்ஷின் விலை சிறியது. கழற்றி மாட்டும் கூலிதான் பெரியது.

மாற்றும் வேலை

வேலை எளிது, இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, காரைத் தூக்கும் விதம். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் அந்தப் பக்கச் சக்கரம் தொங்கும், மறுபக்கம் தரையில் இருக்கும், பார் முறுக்கப்பட்டு நிற்கும். அந்த நிலையில் கிளாம்பைக் கழற்றினால் பார் துள்ளிக் கையைப் பதம் பார்த்துவிடும். புது புஷ்ஷை மாட்டும்போதும் துளை நேராக வராது. இரண்டு முன்சக்கரங்களும் சம உயரத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்த பிறகுதான் எதுவும்.

அடுத்து லிங்க் ராடின் நட். அதைக் கழற்றும்போது நடுத்தண்டும் சேர்ந்து சுற்றும்; தண்டின் முனையில் இருக்கும் துளையில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பிறகு கிளாம்பின் போல்ட்டுகள். துரு பிடித்திருந்தால் முந்தைய நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வைத்தால் மறுநாள் சண்டை போட வேண்டியதில்லை.

பழைய புஷ்ஷை எடுப்பதற்கு முன் அதன் கீறல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதும் அதே பக்கம் பார்க்க வேண்டும். பார் மேல் ஒட்டியிருக்கும் மண்ணையும் துருவையும் துடைத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலில் விட்டத்தை அளக்க வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோல் காருக்கு ஓர் அளவும் டீசல் காருக்கு வேறு அளவும் வருவது உண்டு. அரை மில்லிமீட்டர் பெரிய துளையுள்ள புஷ்ஷை மாட்டினால் புதிய பாகத்தில் பழைய சத்தம் கேட்கும்.

ரப்பர் புஷ்ஷில் இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ தடவக் கூடாது. பெட்ரோலியம் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்து மாட்டலாமா, உலர்வாக மாட்ட வேண்டுமா என்பதை அந்தக் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும். இடது, வலது இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கடைசி முறுக்கை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சில், கையேட்டில் உள்ள அளவுக்குக் கொடுங்கள். இதுதான் நான் சொன்ன இரண்டாவது கவனம். சில ஐரோப்பிய கார்களில் புஷ் பாரோடு ஒட்டியே வருகிறது. அங்கே பார் ரப்பருக்குள் வழுக்குவதில்லை. ரப்பரே முறுகிக் கொடுக்கிறது. அப்படிப்பட்டதைச் சக்கரங்கள் எடை தாங்கி நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

புஷ்ஷை மாற்றியதற்காக மட்டும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டியதில்லை. சக்கரத்தின் கோணத்தைப் பார் தீர்மானிப்பதில்லை. கிளாம்பை எட்டுவதற்காகச் சப் ஃபிரேமை இறக்க நேர்ந்த கார்களில் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரப்பரா, பாலியூரிதேனா?

பாலியூரிதேன் ரப்பரைவிட இறுக்கமான பிளாஸ்டிக் வகை. பார் அதற்குள் அழுந்தி வீணாக்கும் அசைவு குறைவு என்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே கார் பதில் சொல்கிறது. கிடைக்கும் நன்மை இவ்வளவே. பாரின் வலு அதனால் கூடுவதில்லை. தேய்ந்த ரப்பரை எடுத்துவிட்டுப் பாலியூரிதேன் போட்டவர் அடையும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி, புது ரப்பரைப் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. அதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டியவை: சிலிக்கோன் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் பழைய கட்டிலைப் போல முனகும், கிரீஸ் காய்ந்தால் மறுபடி கழற்றிப் பூச வேண்டும், ரோட்டின் அதிர்வும் சற்றுக் கூடுதலாக உள்ளே வரும். அன்றாடம் குடும்பத்தோடு அவினாசி சாலையில் போகும் காருக்குக் கம்பெனி ரப்பரே போதும். ரேஸ் டிராக்கிற்குக் கொண்டு போகிறவர் பாலியூரிதேனை யோசிக்கலாம்.

தடிமனான பார் வேண்டுமா?

ஜமக்காளத்துக்கே திரும்புவோம். ஒற்றையாக இருப்பதைவிட மடித்துத் தடிமனாக்கியதை முறுக்குவது கடினம். எஃகுக் கம்பியில் இது வியக்கத்தக்க அளவில் கூடுகிறது. முறுக்கு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 22 மில்லிமீட்டர் பாருக்குப் பதில் 24 மில்லிமீட்டர் போட்டால் விட்டம் கூடுவது 9 சதவீதம்தான். எதிர்ப்பு கூடுவதோ ஏறக்குறைய 42 சதவீதம். 'இரண்டே மில்லிமீட்டர்தானே' என்று சொல்வதற்கு இல்லை.

இப்போது தொடக்கத்தில் பிரித்து வைத்த இரண்டையும் எடுத்துக்கொள்வோம். தடிமனான பார் சாய்வைக் குறைக்கும். மொத்த எடைப் பெயர்ச்சியை அது குறைப்பதில்லை. அது காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஆகியவற்றைப் பொறுத்தது. அந்தப் பெயர்ச்சியில் முன் அச்சு எவ்வளவு ஏற்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு ஏற்க வேண்டும் என்ற பங்கீட்டைத்தான் பார் மாற்றுகிறது. எந்த அச்சில் பார் கடினமாகிறதோ அந்த அச்சு கூடுதல் பங்கை ஏற்று, தன் பிடிமானத்தில் கொஞ்சத்தை இழக்கிறது.

முன்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் முன் டயர்கள் முதலில் வழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் அந்தக் குணம் குறைந்து கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். அளவு மீறினால் பின்பக்கம் வழுக்கி வெளியே வீசும். இது ஓவர்ஸ்டியர். முன்சக்கர இழுவை கார்களில் அண்டர்ஸ்டியர்தான் இயல்பு என்பதால் பின் பாரை மாற்றுவதே பலரின் தேர்வு. உலர்ந்த ரோட்டில் அது இனிமையாகவும் இருக்கும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறைச் சாலை உலர்ந்தே இருப்பதில்லை. மழை ஈரத்தில், இறக்கத்தில், வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் நொடியில் எடை முன்னே பாய்ந்து பின்பக்கம் லேசாகிறது. தடிமனான பின் பார் பதிலடி கொடுப்பது அந்த நொடியில்தான்.

வெர்டஸ், ஸ்லாவியா, வெர்னா போன்றவற்றில் பின்பக்கம் டார்ஷன் பீம் அமைப்பு. இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமே முறுக்கத்தை எதிர்த்துப் பாரின் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே மாற்றுவதற்கு என்று புஷ் போட்ட தனிப் பார் இல்லை. ஆக்டேவியா ஆர்.எஸ். போன்றவற்றில் பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால் தனிப் பாரும் உண்டு. எந்தக் காருக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் 'ஸ்போர்ட்ஸ் கிட்' வாங்குவதில் அர்த்தமில்லை.

பணத்தை எங்கே முதலில் போடுவது?

நல்ல டயர் முதலில். பிடிமானத்தை உண்டாக்குவது அது ஒன்றுதான். மற்ற எல்லாம் இருக்கும் பிடிமானத்தைப் பங்கிடுகின்றன. இரண்டாவது, தேய்ந்த புஷ், லிங்க் ராடு, மவுண்ட் ஆகியவற்றைக் கம்பெனி நிலைக்குக் கொண்டு வருவது. எழுபது, எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் இதைச் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்த பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் தேடியது புதிதாக வாங்கியபோது இருந்த கார்தான். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நல்ல ஷாக் அப்சார்பர். பார் அதற்கும் பிறகு.

உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கை நான் கடைசியில்தான் வைப்பேன். காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் தாழும் என்பது உண்மை. சஸ்பென்ஷன் மேலே அசைய இருக்கும் இடமும் சேர்ந்து குறைகிறது. ஊருக்கு ஊர் மனம்போன உயரத்தில் போட்டிருக்கும் வேகத்தடைகளில் முதலில் உரசுவது வயிறு, அடுத்து உடைவது பம்பர்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே அளவுள்ள புஷ்ஷையும் லிங்க் ராடையும் மாற்றுவது பராமரிப்பு, அதில் பிரச்சினை இல்லை. ஸ்பிரிங், பார் என்று போகிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் பட்டறை பில்லையும் காரிலேயே வைத்திருப்பது நல்லது.